சுட்ட மண்ணுக்குக் கண்ணாடிப் பெட்டி, சுட்ட கைக்கு வெளிவாசலா?

பொருட்காட்சி சாலை என்பது என்ன? அது ஒரு நாட்டு ஜனங்களின் ஞாபக சாலை. இன்று அங்கே வைக்கப்படுவது நாளைக்கு வரலாறு ஆகிறது. அங்கே வைக்கப்படாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறவர் யார், அவர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்ற கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல.

இது படித்தவர்கள் விவகாரம், ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கக் கூடும். அப்படி நினைத்து ஒதுங்கக் கூடாது. கூலியில் கை வைக்கிறவன் முதலில் கணக்கில் கை வைக்கிறான். உரிமையில் கை வைக்கிறவன் முதலில் ஞாபகத்தில் கை வைக்கிறான். உன் பாட்டன் இந்த ஊரைக் கட்டியதற்கு அத்தாட்சி இல்லை என்று ஆக்கிவிட்டால், நீ இங்கே கேட்பதற்கு என்ன பாத்தியம் என்று கேட்பது அவனுக்குச் சுலபமாகிவிடும்.

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பீங்கான் என்றால் தமிழ்நாட்டில் இந்த ஊர்ப் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. பீங்கான் தொழிலுக்கென்றே டிப்ளமா படிப்புச் சொல்லிக்கொடுக்கும் அரசாங்க நிலையம் இங்கே இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி, பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, மின்சாரத்துக்கான பியூஸ் கட்டை என்று இங்கே சூளை ஏறி இறங்கும் சாமான்கள் எத்தனையோ ஊர்களுக்குப் போகின்றன.

இப்படிப்பட்ட ஊரில் பீங்கானுக்கு ஒரு மியூசியம் வேண்டும் என்று நாம் சொல்கிறோம். வேண்டும் என்று சொல்லும்போதே, அது எப்படிப்பட்ட மியூசியமாக இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. கட்டி முடித்து, நாடா வெட்டி, கல்வெட்டுப் பதித்த பிறகு சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

செத்த காலேஜ்

சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1851-ல் ஆரம்பிக்கப்பட்டது. எட்வர்டு பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர் அதன் முதல் பொறுப்பாளர். அவரே அங்கு மிருகங்களையும் சேர்த்து ஒரு மிருகக் காட்சிச் சாலைக்கும் வித்திட்டார். பட்டணத்து ஏழை ஜனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். மிருகங்கள் இருக்கும் இடம் 'உயிர் காலேஜ்'. மியூசியம் 'செத்த காலேஜ்'. வேடிக்கையாக வைத்த பெயர்தான். ஆனால் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டிடத்துக்குள் இருந்த எதுவும் தங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டதாக அந்த ஜனங்களுக்குப் படவில்லை.

ஏன் படவில்லை? 1885 முதல் 1908 வரை அங்கே தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் தென்னிந்திய மக்களைப் பிடித்து நிறுத்தி மண்டையை அளந்தார். மூக்கின் நீள அகலத்தை அளந்தார். தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் 7 பாகங்களாகப் பெரும் புத்தகம் வெளிவந்தது. வெள்ளைக்காரன் மூக்கை அளக்க யாரும் அங்கே வரவில்லை! அளக்கிறவன் ஒருவன், அளக்கப்படுகிறவன் இன்னொருவன் என்பது முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. தர்ஸ்டன் உழைப்புக்கு அஞ்சாதவர், ஏராளமாகச் சேகரித்தார். ஆனால் ஜனங்களை மனிதர்களாக அல்ல, வண்டுகளையும் கிளிஞ்சல்களையும் போல மாதிரிகளாகப் பார்த்தார். தன் கண்ணில் சாய்வு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் செய்வது சுத்தமான விஞ்ஞானம் என்றே நம்பினார்.

இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஓரவஞ்சனை செய்கிறவன் எல்லாம் வேண்டுமென்றே செய்கிறான் என்பதில்லை. சாய்ந்த தராசில் நிறுக்கிற செட்டியார் மகன், பிறந்தது முதல் அந்தத் தராசையே பார்த்து வளர்ந்திருந்தால், அதுதான் நேர் என்று சத்தியம் செய்வான்.

வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இவ்வளவு பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருக்கும் கௌரவஸ்தர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்படத் தீர்ப்பில் எழுதப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். சட்டம் கரைத்துக் குடித்தவர்களின் கண்ணே இப்படி என்றால், நிபுணர் சொன்னார், ஆகவே சாய்வு இருக்காது என்று யார் நம்புவது?

மலையகத்தில் இரண்டு மியூசியங்கள்

நம்முடைய வாதத்துக்கு நல்ல உதாரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் தேயிலைக்கு ஒரு மியூசியம் இருக்கிறது. 1925-ல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் புதுப்பித்து 2001-ல் திறந்தார்கள். அங்கே பிரதானமாக நிற்பவை பழைய இயந்திரங்கள். கொழுந்து உருட்டும் எந்திரம், உலர்த்தும் எந்திரம், அவற்றை ஓட்டிய இன்ஜின்கள். 1867-ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிர் செய்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள். தேயிலை வியாபாரத்தில் பேர் பெற்ற தாமஸ் லிப்டனின் பெருமை. மேல் மாடியில் உட்கார்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கலாம்.

இதில் பொய் ஒன்றுமில்லை. டெய்லர் என்று ஒருவர் இருந்தார். இயந்திரங்களும் ஓடின. ஆனால் அந்த 19 ஏக்கரையும் அதற்குப் பின் வந்த லட்சக்கணக்கான ஏக்கர்களையும் வெட்டித் திருத்தியது யார்? ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் துரத்த, கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்து விழுந்தது போக மிஞ்சியவர்கள் அல்லவா? அவர்களை ஓட்டிவந்த கங்காணி எங்கே? கடன் சீட்டான 'துண்டு' எங்கே? கொழுந்து குறைந்தால் பாதி நாள் கூலி வெட்டும் 'அரைப் பேர்' எங்கே? 1948-ல் ஒரு சட்டம் போட்டு, அந்த மக்களை எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லாதவர்களாக்கினார்களே, அது எங்கே? 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை அங்கே வைத்துக்கொள்வது என்று மூட்டைக் கணக்காகப் பிரித்தார்களே, அதை எந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பது?

இதை வைப்பதற்கு இன்னொரு மியூசியம் பிறக்க வேண்டியிருந்தது. கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007-ல் கம்பளைக்கு அருகே தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு மியூசியத்தை ஏற்படுத்தியது. எந்த மாளிகையில் என்று நினைக்கிறீர்கள்? தோட்டத்து லயத்தில்! தொழிலாளிகள் குடும்பத்தோடு அடைந்து கிடந்த அந்த வரிசை வீட்டு அறைகளிலேயே அவர்கள் புழங்கிய வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், பழைய படங்கள், பத்திரங்கள் வைக்கப்பட்டன. அங்கே போகிற தோட்டத்துக் குழந்தை, இது நம் வீடு, இது நம் பாட்டியின் கூடை என்று அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

இரண்டும் தேயிலை மியூசியங்கள்தான். இரண்டுக்கும் இடையே மலைச்சாலை வழியே அதிக தூரம் கூட இல்லை. ஆனால் ஒன்று தொழிற்சாலையின் முன்வாசலில் நின்று பார்த்தது. மற்றது லயத்தின் கதவிலிருந்து பார்த்தது. நிற்கும் இடம் மாறினால் தெரியும் காட்சி மாறிவிடும்.

நம் ஊரில் எதை வைப்பார்கள்?

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். சும்மா விட்டுவிட்டால் இங்கே எப்படிப்பட்ட மியூசியம் வரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. முகப்பில் பூச்சாடி. அடுத்து கொலுப் பொம்மை. பிறகு வரிசையாக அகல் விளக்கு. சுவரில் திறந்து வைத்த மந்திரியின் படம். "பாரம்பரியம்", "கைவண்ணம்" என்று தங்க எழுத்துக்கள். வெளியே வரும்போது விற்பனைக் கடை.

பூச்சாடியை வைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அழகானதை உழைப்பாளிதான் செய்தான். அழகு அவனுக்கும் சொந்தம். ஆனால் பூச்சாடியோடு நிறுத்துகிற கண் எதையெல்லாம் தாண்டிப் போகிறது என்று கணக்குப் பார்ப்போம்.

முதலாவது, குழாய். டான்செம் என்ற அரசு சிமெண்ட் நிறுவனத்தின் கற்களிமண் குழாய் ஆலை இந்த ஊரில் ஓடியது. அந்த மாதிரிக் குழாய்கள் எதற்கு? பட்டணங்களின் சாக்கடைக்கு. ஒரு நகரம் காலராவில் அழியாமல் உயிரோடு இருப்பதற்கு ஆயிரம் பூச்சாடிகளைக் காட்டிலும் ஒரு சாக்கடைக் குழாய் அதிகம் செய்திருக்கிறது. ஆனால் அது சாக்கடைச் சாமான், ஆகவே கௌரவக் குறைவு என்று கண் ஒதுக்கிவிடும். குழாயை வைத்தால் அடுத்த கேள்வி வரும்: அடைத்துக்கொண்டால் அதைச் சுத்தம் செய்ய இறங்கியவன் யார்? கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் தடைசெய்து 2013-ல் சட்டம் வந்த பின்னும் விஷவாயுவில் செத்தவர்கள் யார்? அவர்கள் எந்தத் தெருவில் பிறந்தவர்கள்? ஒரு குழாய் இவ்வளவும் பேசும். அதனால்தான் பூச்சாடி சௌகரியமாக இருக்கிறது.

இரண்டாவது, டீக்குவளை. பீங்கான் மியூசியத்தில் கோப்பையும் குவளையும் கட்டாயம் இருக்கும். இது இன்ன நூற்றாண்டு, இன்ன மெருகு என்று சீட்டு எழுதி ஒட்டுவார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் டீக்கடையில் ஊர்க்காரனுக்கு ஒரு குவளை, சேரிக்காரனுக்குத் தனிக் குவளை, அதுவும் இல்லாவிட்டால் சிரட்டை என்று இருந்ததே, அதைச் சீட்டில் எழுதுவார்களா? கோப்பை களிமண்ணால் ஆனது. அதைத் தொடலாம், தொடக் கூடாது என்று வகுத்தது மண் அல்ல, மனிதன். இரட்டைக் குவளையைக் காட்டாத கோப்பை மண்டபம் பாதி உண்மைதான் சொல்லும்.

மூன்றாவது, தூசி. பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் மட்டும் போதாது. வெங்கச்சங்கல்லையும் பெல்ஸ்பார் கல்லையும் உருளை ஆலையில் போட்டு மாவாக அரைக்க வேண்டும். அச்சில் வார்த்துக் காய்ந்த சாமானைச் சுரண்டிப் பிசிறு எடுக்க வேண்டும். அரைக்கும்போதும் சலிக்கும்போதும் உலர்ந்த சாமானைச் சுரண்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத கல்தூள் எழும்புகிறது. வருஷக்கணக்கில் அது நெஞ்சுக்குள் போய்த் தங்கினால் நுரையீரல் தடித்து இறுகிவிடும். சிலிகோஸிஸ் என்று இதற்குப் பெயர். போன மூச்சைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது. க்ஷயரோகம் என்று தவறாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இது இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இடம் பெற்ற நோய்க்குப் பீங்கான் மியூசியத்தில் ஒரு அலமாரி கிடையாதா? தண்ணீர் தெளித்து அரைப்பது, தூசி உறிஞ்சும் விசிறி, முகமூடி, வருஷா வருஷம் நெஞ்சுப் படம் எடுப்பது ஆகியவற்றால் இதைத் தடுக்கலாம் என்பதையும் அதே இடத்தில் காட்டினால், அந்த மியூசியம் ஒரு உயிரையாவது காப்பாற்றும். இதை விடப் பெரிய கலைச்சேவை என்ன?

நான்காவது, பெண்கள். சூளையைச் சொல்லும்போது ஆண் உருவம்தான் எல்லோர் மனதிலும் வருகிறது. களிமண் சுமந்தது யார்? பிசிறு எடுத்தது யார்? பொம்மைக்குக் கண் எழுதியது யார்? 1,200 டிகிரிக்கு மேல் வெந்த சாமான் ஆறியவுடன் இறக்கி அடுக்கியது யார்? "சில்லறை வேலை" என்று கூலிப் புத்தகத்தில் எழுதியதையே மியூசியச் சீட்டிலும் எழுதினால் முதலாளியின் கணக்கப்பிள்ளை வரலாற்று ஆசிரியராகிவிட்டான் என்று அர்த்தம்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, உங்களுக்கும் இதே கதைதான். பித்தளைப் பூண் போட்ட மரக்காலை மியூசியத்தில் வைத்து, 'பண்டைய அளவைக் கருவி' என்று எழுதுவார்கள். அளந்து வாங்க ஒரு மரக்கால், கூலி அளந்துபோட ஒரு மரக்கால் என்று மிராசுதார் இரண்டு வைத்திருந்ததை எழுத மாட்டார்கள். 1940-களில் தஞ்சையில் பி. சீனிவாசராவ் தலைமையில் பண்ணையாட்கள் சாட்டையடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து எழுந்தபோது முத்திரை போட்ட மரக்காலுக்காகவும் சண்டை போட்டார்கள். மரக்கால் நிஜம்; அதன் உள்ளே அடங்கிய அநியாயமும் நிஜம். ஒன்றை வைத்து ஒன்றை மறைப்பதுதான் ஓரக்கண்.

மூன்று சால்ஜாப்புகள்

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: "மியூசியத்தில் அரசியல் வேண்டாம்." நல்லது. கீழடியில் என்ன நடந்தது? மத்தியத் தொல்லியல் துறை 2014-ல் இடத்தைத் தேர்ந்து 2015-ல் தோண்டத் தொடங்கியது. வைகைக் கரையில் செங்கல் கட்டிடங்களும், பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஜனங்களும் வெளிப்பட்டார்கள். 2017-ல் அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். பின்னால் வந்தவர் தோண்டிவிட்டுக் குறிப்பிடத்தக்க தொடர்ச்சி இல்லை என்றார். 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதே ஊரில் தோண்டி ஆயிரக்கணக்கில் பொருள்களை எடுத்தது. 2023 மார்ச் 5-ல் அங்கே அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. 2025-ல் அமர்நாத்தின் 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி மத்தியத் துறை திருப்பி அனுப்பியது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் பானை ஓட்டுக்கே இந்தப் பாடு! அரசியல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நாம் கேட்பது, அது யாருடைய அரசியல் என்பதை வெளிச்சத்தில் வைத்துப் பேசுங்கள் என்பதுதான்.

இரண்டாவது பதில்: "தொழிலாளிகள் மியூசியத்துக்கு வருவதில்லை, அவர்களுக்கு ருசி இல்லை." ருசி இல்லையா, நேரம் இல்லையா? எழும்பூர் அருங்காட்சியகம் காலை 9.30-க்குத் திறக்கிறது, மாலை 5-க்கு மூடுகிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. பகல் ஷிப்டில் நிற்பவன் எப்போது வருவான்? நாற்று நடுகிறவள் நாள் கூலியை விட்டுவிட்டு வருவாளா? கதவைச் சாத்தி வைத்துவிட்டு, வருகிறவனைக் காணோமே என்று புலம்புவது நல்ல வேடிக்கை! கும்பாபிஷேகத்துக்கும் மாநாட்டுக்கும் தெருக்கூத்துக்கும் இதே ஜனங்கள் விடிய விடிய நிற்கிறார்கள். தங்களுடையது என்று தெரிந்த இடத்துக்கு வர அவர்களுக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது பதில்: "நாங்கள் யாரையும் பாரபட்சமாக நடத்துவதில்லை, எங்களுக்கு எல்லோரும் சமம்." மூன்றிலும் ஆபத்தானது இதுதான். கல்லை அடித்து உடைக்கலாம். தன்னிடம் குறையே இல்லை என்கிறவனை என்ன செய்வது? உயரமான படிக்கட்டு வைத்து, காலில்லாதவன் வராதபோது 'எல்லோருக்கும் சமம்' என்பது ஒரு சமத்துவமா? சின்ன எழுத்தில், புலவர் தமிழில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் திணறும்போது 'எல்லோருக்கும் சமம்' என்பதும் அப்படிப்பட்டதுதான்.

சாய்வுக்கு அணை போடுவது எப்படி?

வெறும் கண்டனத்தோடு நிற்பது நம் வழக்கமல்ல. மனதில் ஊறிய சாய்வு உபதேசத்தால் போகாது. இன்று முதல் நான் நேராகப் பார்ப்பேன் என்று விரதம் எடுப்பதாலும் போகாது. வேலை செய்கிற முறையிலேயே அதற்குக் குறுக்கே அணை போட வேண்டும்.

ஒன்று: கமிட்டியில் யார் உட்காருகிறார்கள் என்பதை வரைபடம் போடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். சூளைத் தொழிலாளி, பிசிறு எடுக்கும் பெண், மண்பானை செய்யும் குயவர், சேரியைச் சேர்ந்தவர், நோயால் வேலையை விட்டவர் ஆகியோர் சம ஓட்டோடு இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பது, பந்தி முடிந்தபின் இலை போடுவது போன்றது. கமிட்டிக்கு வரும் நாளைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். நிபுணருக்குப் படி உண்டு என்றால் தொழிலாளிக்கும் உண்டு.

இரண்டு: ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும். செய்தது யார்? பயன்படுத்தியது யார்? கழுவியது யார்? தொடக் கூடாது என்று தடுக்கப்பட்டது யார்? பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சீட்டில் எழுதட்டும். அந்த ஒரு வார்த்தை கூடப் பார்க்கிறவனை யோசிக்க வைக்கும்.

மூன்று: சேர்த்த பொருளுக்குப் பட்டியல் இருப்பது போல ஒதுக்கிய பொருளுக்கும் பட்டியல் வேண்டும். ஏன் ஒதுக்கினோம் என்று காரணம் எழுத வேண்டும். மனதுக்குள் இருக்கும் வரை 'அழகாக இல்லை' என்பது நல்ல காரணமாகத் தோன்றும். காகிதத்தில் எழுதி நாலு பேர் முன்னால் படிக்கும்போதுதான், அது 'கீழ்ச்சாதிச் சாமான்' என்பதன் மறுபெயர் என்று பல்லிளிக்கும். இரண்டு பேர் தனித்தனியே தேர்ந்தெடுத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால் யார் கண் எங்கே தாண்டிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

நான்கு: திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு ஒத்திகை. மந்திரிக்கு முன்பே தொழிற்பேட்டைப் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் நடந்து பார்க்கட்டும். எங்கே நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், எந்தச் சீட்டைப் படிக்க முடியாமல் விடுகிறார்கள் என்று பார்த்து மாற்ற வேண்டும். கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்கத் தனி மேசை வேண்டும். பீங்கானைப் போல இதற்குத் தோதான பொருள் வேறு இல்லை. பச்சை மண், ஒருமுறை சுட்ட சாமான், மெருகேறிய சாமான் மூன்றையும் விரலாலேயே படித்துவிடலாம். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தொழிலாளியின் குரலிலேயே சொல்லும் ஒலிப்பதிவு வேண்டும். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் இங்கே வந்து உழைக்கிறவர்களுக்கு அவர்கள் பாஷையிலும் நாலு வரி எழுதிவைத்தால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

ஐந்து: மாலை 8 மணி வரை திறப்பு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் திறப்பு. உழைப்பாளிக்கு டிக்கெட் கூடாது.

இதெல்லாம் நடக்காத காரியமா? தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்தில் ஆறாவது வட்டாரம் என்று ஒரு உழைப்பாளர் பகுதி இருந்தது. 1966-ல் நிறவெறி அரசாங்கம் அது வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தது. 60,000 பேருக்கு மேல் துரத்தப்பட்டு, வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. 1994-ல் அங்கே ஒரு மியூசியம் எழுந்தது. ஒரு தேவாலயத்தின் தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். துரத்தப்பட்டவர்களே வந்து, இதோ எங்கள் வீடு இருந்த இடம் என்று தங்கள் கையால் அதில் எழுதினார்கள். பார்க்க வந்தவனும் பார்க்கப்பட்டவனும் அங்கே ஒரே ஆள்!

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை

இந்த நோய் பணக்காரனுக்கு மட்டும் வரும் என்று எண்ண வேண்டாம். உழைப்பாளி வீட்டில் பிறந்ததனால் மட்டும் கண் நேராகிவிடாது. ஆண்கள் மட்டும் உட்கார்ந்த தொழிற்சங்கக் கமிட்டி, பெண்கள் வேலையை மறந்துவிடும். நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்டு கூலியை மறந்துவிடுவான். ஊர்த்தெருத் தொழிலாளி, சேரித் தொழிலாளியை மறந்துவிடுவான். போராட்டத்தைக் காட்டுகிறோம் என்று மேடையில் பேசிய தலைவர் படங்களாக மாட்டிவிட்டு, உண்டியல் குலுக்கியவர்களையும் கஞ்சி காய்ச்சியவர்களையும் விட்டுவிட்டால், அதுவும் பூச்சாடி மியூசியம்தான். சிவப்பு வர்ணம் பூசிய பூச்சாடி. மேலே சொன்ன ஐந்து நிபந்தனைகளும் நமக்கும் சேர்த்துத்தான்.

விருத்தாசலத்துப் பெரிய கோயிலில் ஒரு கதை சொல்லுகிறார்கள். விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு வன்னி மரத்து இலையை உருவிக் கொடுப்பாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அது காசாக மாறுமாம். கதை எப்படியிருந்தாலும் அதைக் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: கோயிலைக் கட்டியது கூலியாட்கள், கூலி உழைப்புக்குத் தக்கபடி இருக்க வேண்டும். ஸ்தல புராணம் எழுதியவனே கூலிக்காரனை மறக்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டில் மியூசியம் கட்டுகிறவன் மறக்கலாமா?

தோழர்களே! நாளைக்கு இந்த ஊரில் பீங்கானுக்கு மியூசியம் என்று பேச்சு எழுந்தால், கொட்டகை போட்டுத் திறப்பு விழா நடக்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய அச்சை, கூலிச் சீட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டை, வேலைநிறுத்த நோட்டீசைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். வயதானவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். கமிட்டியில் இடம் கேளுங்கள். பேட்டை வாசலில் கூடி மேலே சொன்ன ஐந்து நிபந்தனைகளையும் மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கைநாட்டும் செல்லும்.

மண்ணைப் பிசைந்த கையின் ரேகை சுட்ட பிறகும் பானையில் இருக்கும். அதைத் துடைத்து மெருகு பூச யாரையும் அனுமதிக்க முடியாது.